இரும்புத் தொப்பியை மாட்டிவிட்ட கை: மேற்கு ஜெர்மனிக்கு மீண்டும் ஆயுதம், 1950–57

1919 மே மாதம் லண்டன் டெய்லி ஹெரால்ட் நாளிதழில் ஒரு கார்ட்டூன் வந்தது. வரைந்தவர் வில் டைசன், ஆஸ்திரேலியாக்காரர். முதல் உலகப் போருக்குப் பிறகு தோற்ற ஜெர்மனிக்கு நிபந்தனை விதித்த வெர்சாய் மாநாடு முடிந்து, வென்ற நாடுகளின் தலைவர்களான வில்சன் (அமெரிக்கா), லாயிட் ஜார்ஜ் (பிரிட்டன்), ஆர்லாண்டோ (இத்தாலி), க்ளெமென்சோ (பிரான்ஸ்) நால்வரும் மண்டபத்தை விட்டு வெளியே வருகிறார்கள். க்ளெமென்சோ மட்டும் சற்று நின்று, "விசித்திரமாக இருக்கிறதே, ஏதோ குழந்தை அழுவது போலக் கேட்கிறது" என்கிறார். தூணோரமாக ஒட்டுத்துணி இல்லாத ஒரு பிள்ளை முகத்தை மறைத்துக்கொண்டு அழுகிறது. அதன் தலைக்கு மேல் "1940 வகுப்பு" என்று எழுதியிருக்கிறது. வகுப்பு என்றால் பள்ளிக்கூட வகுப்பு இல்லை. 1940இல் பட்டாளத்துக்குக் கூப்பிடும் வயதை எட்டப்போகிறவர்கள்.

இன்னொரு படம், 1936 ஜூலை 8 ஈவினிங் ஸ்டாண்டர்டில் வந்தது. வரைந்தவர் நியூசிலாந்தில் பிறந்த டேவிட் லோ. வரிசையாகக் குப்புறக் கிடக்கும் "முதுகெலும்பில்லாத ஜனநாயகத் தலைவர்கள்" மீது ஹிட்லர் காலை வீசி நடந்து போகிறார், மூக்கில் கட்டைவிரலை வைத்துப் பழிப்புக் காட்டியபடி. முதல் முதுகில் "மறு ஆயுதம்" என்று எழுதியிருக்கிறது, அப்புறம் ரைன்லாந்து, டான்சிக் என்று அவர் கைவைத்த, கண்வைத்த இடங்கள். படிகள் ஏறி முடியும் இடத்தில் "பிரபஞ்சத்தின் முதலாளி".

இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள், ஒரு சிக்கல் தெரியும். தோற்றவனை ஒரேயடியாக நசுக்கினால் அவன் பிள்ளை நாளைக்குத் துப்பாக்கி தூக்குவான் என்கிறது முதல் படம். விட்டுக்கொடுத்தால் உன் முதுகின் மேலேயே ஏறி நடப்பான் என்கிறது இரண்டாவது. இரண்டுமே பலித்துவிட்டன. அதனால் 1945க்குப் பிறகு ஜெர்மனி பற்றிய பேச்சு வந்தபோதெல்லாம் ஆளுக்கொரு படம் நினைவுக்கு வந்தது. 1950இல் மேற்கு ஜெர்மனிக்கு மறுபடியும் ராணுவம் கொடுக்கலாமா என்ற கேள்வி எழுந்ததும், கார்ட்டூன்காரர்களின் பேனாவில் இந்த இரண்டு நினைவும் சேர்ந்தே இறங்கின.

ஐந்து ஆண்டில் தலைகீழ்

1945 ஆகஸ்டில் போட்ஸ்டாமில் வென்றவர்கள் எடுத்த முடிவு எளிமையானது: ஜெர்மனியிடம் இனி ராணுவமே இருக்கக் கூடாது. மறு ஆண்டு வேர்மாக்ட் என்ற பழைய ராணுவத்தைச் சட்டப்படியே கலைத்தார்கள். பள்ளியில், பத்திரிகையில், பொதுக்கூட்டத்தில் எல்லாம் ஜெர்மானியர்களுக்கு ஓதப்பட்ட பாடம், சீருடை மோகம்தான் உங்களை இந்தக் கதிக்குக் கொண்டுவந்தது என்பது. மக்களும் அதை நம்பினார்கள், உண்மையாகவே நம்பினார்கள். 1949 தேர்தல் சமயத்தில் பவேரியாவின் இளம் அரசியல்வாதி பிரான்ஸ் யோசெப் ஸ்ட்ராவுஸ், இனிமேல் துப்பாக்கியைத் தொடுகிற கை விழுந்து போகட்டும் என்று பேசியதாகச் சொல்வார்கள். இவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

1950 ஜூன் 25 அன்று கொரியாவில் போர் வெடித்தது. இரண்டாகப் பிளந்த நாட்டில் வடக்கு தெற்கின் மீது பாய்ந்தது. இரண்டாகப் பிளந்த இன்னொரு நாடு ஐரோப்பாவின் நடுவில் இருக்கிறதே என்று வாஷிங்டன் யோசித்தது. செப்டம்பரில் நியூயார்க்கில் நடந்த சந்திப்பில் அமெரிக்க வெளியுறவுச் செயலர் டீன் அச்சிசன் ஜெர்மன் படைப்பிரிவுகள் வேண்டும் என்று நேரடியாகவே கேட்டார். பிரெஞ்சுக்காரர்கள் அதிர்ந்து போனார்கள். மேற்கு ஜெர்மனியின் தலைநகரான பானில் இருந்த சான்சலர், அதாவது அரசின் தலைவர், கொன்ராட் அடெனாவருக்கு மட்டும் பெரிய அதிர்ச்சி இல்லை. 1949 டிசம்பரிலேயே ஓர் அமெரிக்கப் பத்திரிகைப் பேட்டியில், ஐரோப்பிய ராணுவம் என்று ஒன்று வந்தால் ஜெர்மானியர்களும் அதில் சேரலாம் என்று அவர் கோடி காட்டியிருந்தார். 1950 ஆகஸ்டில் அமைச்சரவைக்கே தெரிவிக்காமல் அமெரிக்கர்களிடம் ஒரு குறிப்பையும் கொடுத்திருந்தார். விஷயம் தெரிந்ததும் உள்துறை அமைச்சர் குஸ்தாவ் ஹைனமான் பதவியை விட்டு விலகினார். கடவுள் இரண்டு முறை நம் கையிலிருந்து ஆயுதத்தைப் பிடுங்கிவிட்டார், மூன்றாம் முறை தூக்கக் கூடாது என்பது அவர் வாதம்.

ஆனால் உடனே ராணுவ அமைச்சகம் வைக்க முடியுமா? முடியாது. அதனால் பானில் தியோடர் பிளாங்க் என்ற தொழிற்சங்கத்துக்காரரின் தலைமையில் ஓர் அலுவலகம் திறந்தார்கள். அதன் முழுப் பெயர் இது: நேச நாட்டுப் படைகளின் எண்ணிக்கை கூடுவது தொடர்பான விவகாரங்களுக்கான சான்சலரின் பிரதிநிதி. ராணுவம் என்ற சொல் தப்பித் தவறியும் வந்துவிடக் கூடாது என்று யாரோ உட்கார்ந்து யோசித்து வைத்த பெயர். மக்கள் சுருக்கமாக "பிளாங்க் அலுவலகம்" என்றார்கள்.

இதே ஆண்டு ஜப்பானிலும் இதே வேலைதான் நடந்தது. 1950 ஜூலை 8 அன்று, ஜப்பானை ஆக்கிரமித்திருந்த படைகளின் அமெரிக்கத் தலைவர் ஜெனரல் மக்ஆர்தர் 75,000 பேர் கொண்ட "போலீஸ் ரிசர்வ்" ஒன்றை அமைக்கச் சொன்னார். அமெரிக்கா கொடுத்த டாங்கிகளுக்கு அங்கே வைத்த பெயர் "சிறப்பு வாகனம்". அரசியல் சாசனத்தின் ஒன்பதாவது பிரிவு படையே வைக்கக் கூடாது என்கிறதல்லவா, அதனால் டாங்கியை டாங்கி என்று சொல்ல முடியவில்லை. அது தனிக் கதை. இங்கே சொல்ல வேண்டியது ஒன்றுதான்: பெயரை மாற்றி வைத்து மறைப்பது அரசாங்கத்தின் தொழில், மறைத்ததை ஒரு கோட்டில் காட்டிவிடுவது கார்ட்டூன்காரர் தொழில். பத்துச் சொல்லில் பெயர் வைத்த அலுவலகத்தை எப்படி வரைவது?

அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது இரும்புத் தொப்பி. காதையும் பிடரியையும் மூடி, விளிம்பு வெளியே விரிந்து நிற்கும் அந்த ஜெர்மன் ஹெல்மெட். இரண்டு வளைவுக் கோடு போட்டால் போதும், படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்.

தொப்பி எல்லாருக்கும் பொது. இந்த விவகாரத்துக் கார்ட்டூன்களைப் பார்க்கும்போது எனக்கு அதை விட முக்கியமாகப் படுவது, அந்தத் தொப்பியை வைத்திருக்கும் கை யாருடையது என்பது. அங்கேதான் நாட்டுக்கு நாடு படம் மாறுகிறது.

பாம்புக்குப் பால்

பிரிட்டனில் வரைந்தவர்களுக்குத் தொப்பிக்குள் இருந்தவன் பழைய ஆள்தான். கோட்டு சூட்டு போட்டிருப்பான், பணிவாகச் சிரிப்பான், ஆனால் மேஜைக்குக் கீழே பூட்ஸ் தெரியும். நம்மூரில் பாம்புக்குப் பால் வார்ப்பது என்று சொல்வோமே, அதுதான் படத்தின் பொருள். பால் வார்க்கும் கை தங்கள் சொந்த அரசாங்கத்தின் கை என்பதுதான் அவர்கள் கோபத்துக்குக் காரணம்.

இந்தக் கோபம் வெறும் கொள்கைக் கோபம் இல்லை. விக்கி என்ற பெயரில் வரைந்த விக்டர் வைஸ் 1913இல் பெர்லினில் பிறந்தவர், ஹங்கேரிய யூதக் குடும்பம். ஹிட்லர் வரும் முன்பே பெர்லின் பத்திரிகையில் அவரைக் கேலி செய்து வரைந்தவர். 1935இல் லண்டனுக்குத் தப்பி வந்தார். ஜெர்மனிக்கு மறுபடி ஆயுதம் என்றதும் அவர் எதிர்த்ததில் ஆச்சரியம் இல்லை. லோவின் பெயரும் போர்க்காலத்தில் நாஜிகள் பிடித்துப் போட வேண்டியவர்கள் என்று வைத்திருந்த பட்டியலில் இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், இந்த எதிர்ப்பில் இடதும் வலதும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தன. தொழிற்கட்சியின் இடதுசாரி அனூரின் பெவனும் அவர் ஆட்களும் எதிர்த்தார்கள். அவர்களுக்குப் பரம எதிரியான பிவர்புரூக் பிரபுவின் டெய்லி எக்ஸ்பிரஸும் எதிர்த்தது. 1954 செப்டம்பரில் ஸ்கார்பரோவில் கூடிய தொழிற்கட்சி மாநாட்டில் ஜெர்மன் மறு ஆயுதத்துக்கு ஆதரவான தீர்மானம் நூலிழையில்தான் தப்பியது.

பிரான்ஸ் தன் பிள்ளையைத் தானே கொன்ற கதை

பிரான்சில்தான் விவகாரம் உண்மையிலேயே சூடு பிடித்தது, அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

அமெரிக்கா வற்புறுத்துகிறது, தவிர்க்க முடியாது என்று தெரிந்ததும் பிரதமர் ரெனே பிளெவன் 1950 அக்டோபர் 24 அன்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். ஜெர்மானியர்கள் சிப்பாய்களாக இருக்கட்டும், ஆனால் ஜெர்மன் ராணுவம் என்று ஒன்று வேண்டாம், எல்லாரையும் கலந்து ஓர் ஐரோப்பிய ராணுவம் வைப்போம் என்பது திட்டம். அன்று ஊரெல்லாம் சொன்ன ஜோக்: ரஷ்யர்கள் நடுங்கும் அளவுக்குப் பெரிய ஜெர்மன் ராணுவம் வேண்டும், ஆனால் அது பிரெஞ்சு ராணுவத்தை விடச் சின்னதாக இருக்க வேண்டும். 1952 மே 27 அன்று பாரிசில் ஆறு நாடுகள் ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டன.

அப்புறம் இரண்டு வருடம் பிரான்சின் சுவர்கள் எல்லாம் சண்டைக்களம். கம்யூனிஸ்ட் சுவரொட்டிகளில் அதே இரும்புத் தொப்பி. ஆக்கிரமிப்புக் காலத்தில் அதைத் தெருவில் கண்ணால் பார்த்த மக்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. கம்யூனிஸ்டுகள் மட்டுமல்ல, அவர்களுக்கு நேர் எதிரான டி கோல் ஆதரவாளர்களும் ஒப்பந்தத்தை எதிர்த்தார்கள்.

எதிர்த்தரப்பும் சும்மா இல்லை. 1950இல் தொடங்கிய 'அமைதியும் சுதந்திரமும்' என்ற கம்யூனிச எதிர்ப்பு அமைப்பின் புகழ்பெற்ற சுவரொட்டி ஒன்று உண்டு. முந்தைய ஆண்டு பாரிசில் நடந்த சமாதான மாநாட்டுக்குப் பிக்காசோவின் வெள்ளைப் புறா சின்னமாக இருந்தது. இவர்கள் புறாவையே எடுத்துக்கொண்டு, அதை ஒரு சோவியத் டாங்கியாக மாற்றிவிட்டார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பறவை, கிட்டே போனால் இரும்பு. கீழே "டமால் என்று வெடிக்கும் புறா" என்று வாசகம். ஜெர்மனியைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கூட இல்லை. நீ அந்தப் பக்கம் தொப்பியைப் பார்த்துப் பயப்படுகிறாய், இந்தப் பக்கம் வருவதைப் பார் என்று மக்களின் தலையைத் திருப்புவதுதான் அதன் வேலை. எனக்குத் தெரிந்து இந்த மொத்த விவகாரத்தில் வந்த படங்களிலேயே கெட்டிக்காரத்தனமான படம் அதுதான். எதிராளியின் படத்தைத் திருடி அவன் மேலேயே எறிவது லேசான காரியம் இல்லை.

1954 ஆகஸ்ட் 30 அன்று பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் 319க்கு 264 என்ற கணக்கில் ஒப்பந்தம் குப்பைக்குப் போனது. வென்றவர்கள் எழுந்து நின்று தேசிய கீதம் பாடினார்கள். திட்டத்தைக் கொண்டுவந்ததும் பிரான்ஸ், கொன்றதும் பிரான்ஸ்.

சரி, தொப்பிப் படம் வென்றுவிட்டதா? அங்கேதான் கதை திரும்புகிறது. ஐரோப்பிய ராணுவம் செத்ததால் ஜெர்மன் மறு ஆயுதம் நிற்கவில்லை. இரண்டே மாதத்தில், அக்டோபர் 23 அன்று, பாரிசில் வேறு ஒப்பந்தம் தயாரானது. இந்த முறை கலப்பு ராணுவம் இல்லை. மேற்கு ஜெர்மனிக்கு அதன் சொந்த ராணுவம், நேட்டோவில் இடம். அணு, உயிரி, ரசாயன ஆயுதங்கள் தயாரிக்க மாட்டோம் என்று அடெனாவர் வாக்குக் கொடுத்தார். டிசம்பர் 30 அன்று அதே பிரெஞ்சு நாடாளுமன்றம் 287க்கு 260 என்று அதை ஏற்றுக்கொண்டது. எந்தத் தொப்பிக்குப் பயந்து சுவரொட்டி ஒட்டினார்களோ, அது கடைசியில் ஜெர்மானியன் தலைக்கே சொந்தமாகப் போய்ச் சேர்ந்தது. பயத்தை அந்தப் படங்கள் அற்புதமாகக் காட்டின. ஆனால் கலப்பு ராணுவத்துக்கும் சொந்த ராணுவத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்ட ஒரு தொப்பிப் படத்தால் முடியவில்லை.

மாஸ்கோவில் கை மட்டுமே பெரிது

சோவியத் நகைச்சுவைப் பத்திரிகை குரக்கடீலில் போரிஸ் யெஃபீமோவும், குக்ரினிக்சி என்ற கூட்டுப் பெயரில் வரைந்த மூவரும் ஜாம்பவான்கள். இவர்கள் நியூரம்பர்க் விசாரணையை நேரில் உட்கார்ந்து பார்த்து நாஜித் தலைவர்களை வரைந்தவர்கள். அதனால் நாஜி ஜெனரல் முகம் இவர்களுக்குக் கைப்பழக்கம். இவர்கள் படத்தில் ஜெனரல் குட்டியாக, மண்டையோட்டு முத்திரையோடு, கெஞ்சிக்கொண்டு நிற்பான். தொப்பியை மாட்டிவிடும் கைதான் பெரிது. அது டாலர் மூட்டையோடு வரும் அமெரிக்கன் கை. அடெனாவர் நடுவில் ஒரு தரகர்.

கோட்டு வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் படங்களில் வராத ஒரு கை உண்டு. 1952 மார்ச் 10 அன்று ஸ்டாலின் அனுப்பிய குறிப்பு, ஜெர்மனி ஒன்றுபட்டு நடுநிலை வகித்தால் அதற்குச் சொந்தப் படை வைத்துக்கொள்ளலாம் என்றது. அதே ஆண்டு கிழக்கு ஜெர்மனியில் "முகாம் போலீஸ்" என்ற பெயரில் ஒரு ராணுவம் உருவாகிக்கொண்டிருந்தது. மறுபடியும் பெயர் விளையாட்டு, போலீஸ் என்றால் போலீஸ் இல்லை. குரக்கடீலில் இதைக் கேலி செய்து வரைய யாருக்குத் துணிவு வரும்? யெஃபீமோவின் அண்ணன், பத்திரிகையாளர் மிகயீல் கோல்த்சோவ், 1940இல் ஸ்டாலின் ஆட்சியில் சுட்டுக் கொல்லப்பட்டவர்.

தூக்கத்தொப்பி

ஜெர்மனிக்குள் வந்தால் படமே வேறு. ஜெர்மன் கார்ட்டூனில் சாதாரண மனிதனுக்கு மிஹெல் என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து வரும் ஆள், கொஞ்சம் அப்பாவி, கொஞ்சம் சோம்பேறி, தலையில் குஞ்சம் தொங்கும் தூக்கத்தொப்பி. வெளிநாட்டில் ஜெர்மானியன் என்றால் இரும்புத் தொப்பி. அவனே தன்னை வரைந்துகொண்டால் தூக்கத்தொப்பி. 1950களில் இந்த இரண்டு தொப்பிகளும் ஒரே தலையில் மோதின. தூங்கிக்கொண்டிருந்தவனை எழுப்பி, குஞ்சத்தொப்பியைக் கழற்றச் சொல்லி, இரும்பை நீட்டுகிறார்கள்.

இந்தப் படத்தில் மிஹெல் ஆசைப்பட்டு வாங்கவில்லை என்பதுதான் முக்கியம். அன்று ஜெர்மன் தெருக்களில் ஒலித்த முழக்கம், நம் பேச்சில் சொன்னால் "என்னை விட்டுடுங்க". வீடு இடிந்து கிடக்கிறது, அண்ணன் ரஷ்யச் சிறையிலிருந்து திரும்பவில்லை, நேற்று வரை சீருடை பாவம் என்றவர்கள் இன்று அளவெடுக்க வருகிறார்கள். எதிர்ப்பு இயக்கங்கள் "மறு ராணுவமயம்" என்றன. அரசு "பாதுகாப்புப் பங்களிப்பு" என்றது. மறு ராணுவமயத்துக்கு எதிராக மக்கள் கருத்தைக் கேட்கும் இயக்கத்தை 1951 ஏப்ரலில் அரசு தடை செய்தது. 1952 மே மாதம் எசன் நகரில் நடந்த ஆர்ப்பாட்டத்தில் போலீஸ் சுட்டு 21 வயது இளைஞர் ஒருவர் இறந்தார்.

ஒரு சங்கடமான விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். பழைய ஜெனரல்கள் திரும்ப வருகிறார்கள் என்று கேலி செய்த மேற்கு ஜெர்மனிப் பத்திரிகைகளில், போர்க்காலத்தில் நாஜி பிரசார அமைச்சர் கோயபல்சின் வாரப் பத்திரிகைக்குப் படம் போட்ட பேனாக்களும் இருந்தன. ஜெனரலுக்கு மட்டும்தானா கடந்த காலம்?

வண்டிக் கொட்டகையில் ஒரு விழா

1955 மே மாதம் மேற்கு ஜெர்மனி நேட்டோவில் சேர்ந்தது. ஒரு வாரத்துக்குள் சோவியத் அணியின் ராணுவக் கூட்டணியான வார்சா ஒப்பந்தம் வந்தது. நவம்பர் 12 அன்று பான் எர்மெகைல் முகாமில் புதிய ராணுவத்தின் முதல் 101 பேருக்கு நியமனப் பத்திரம் கொடுத்தார்கள். இடம், முகாமின் வண்டிக் கொட்டகை. சுவரில் பெரிய இரும்புச் சிலுவைச் சின்னம். அணிவகுப்பு, பீரங்கி முழக்கம் எதுவும் இல்லை. பலர் சாதாரண கோட்டு சூட்டில்தான் நின்றார்கள், போட்டுக்கொள்ளச் சீருடை போதவில்லை. தைத்திருந்த சீருடையும் இரண்டு வரிசைப் பொத்தான் வைத்த சாம்பல் ஜாக்கெட். ஓட்டல் வாசலில் பெட்டி தூக்குகிறவர் போல இருக்கிறதே என்று ஜனங்கள் சிரித்தார்கள்.

பத்திரம் வாங்கியவர்களில் அடோல்ஃப் ஹாய்சிங்கர் ஒருவர். 1944 ஜூலை 20 அன்று ஹிட்லரைக் கொல்ல வைத்த குண்டு வெடித்தபோது ஹிட்லருக்குப் பக்கத்தில் நின்று வரைபடத்தைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தவர். ஹான்ஸ் ஷ்பைடல் இன்னொருவர், போர்க்கால ஜெர்மன் தளபதி ரோம்மலின் படைத் தலைமை அதிகாரியாக இருந்தவர், அந்தக் குண்டுச் சதிக்குப் பிறகு கைதானவர். ஹிட்லரின் ஜெனரல்களையே வைத்துக்கொள்வீர்களா என்று கேட்டதற்கு, பதினெட்டு வயது ஜெனரலைக் கொடுத்தால் நேட்டோ வாங்கிக்கொள்ளாதே என்று அடெனாவர் சொன்னதாக ஒரு பதில் ஊரெல்லாம் உலவியது. எந்தக் கார்ட்டூனும் இதை மிஞ்ச முடியாது.

கார்ட்டூன்காரர்கள் எதிர்பாராத திருப்பம் ஒன்றும் நடந்தது. 1956 ஜனவரி 20 அன்று ஆண்டர்னாக்கில் முதல் தொண்டர் படையை அடெனாவர் பார்வையிட்டார். அவர்கள் தலையில் இருந்தது கவிழ்த்த பானை போன்ற அமெரிக்க ஹெல்மெட். ஐந்து வருடமாக உலகமெல்லாம் வரைந்த அந்த விரிந்த விளிம்புத் தொப்பி அங்கே இல்லவே இல்லை. ஆயுதமும் சாமானும் அமெரிக்காவிலிருந்து வந்தது ஒரு காரணம். பழைய ராணுவத்தின் சாயல் தெரியக் கூடாது என்ற கவனம் இன்னொரு காரணம். மார்ச் 1 அன்று பிறந்த கிழக்கு ஜெர்மனி ராணுவமோ பழைய வேர்மாக்ட் சாயலிலேயே சாம்பல் சீருடை தைத்துக்கொண்டது. மேற்கத்தியர்கள் அமெரிக்கன் துணி உடுத்தியிருக்கிறார்கள், நாங்கள்தான் தேசிய மரபைக் காக்கிறோம் என்று விளக்கமும் சொன்னார்கள். அவர்களுடைய ஹெல்மெட் கூடப் போர்க்கால ஜெர்மன் ஆய்வு வடிவம் ஒன்றிலிருந்து வந்ததுதான். தொப்பி இருந்த பக்கம் ஒன்று, கார்ட்டூனில் தொப்பி போட்டது வேறு பக்கம்.

அதற்காகக் கார்ட்டூன்காரர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் வரைந்தது துணியை அல்ல, ஆளை. ஹாய்சிங்கர் அமெரிக்கத் தொப்பி போட்டாலும் ஹாய்சிங்கர்தானே. ஆனால் அந்தக் கண்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கின்றன என்ற நினைப்பு பானில் இருந்தவர்களுக்கு இருந்தது. கர்னல் பதவிக்கோ அதற்கு மேலேயோ யாரைச் சேர்த்தாலும் அவர் கடந்த காலத்தைத் தோண்டிப் பார்க்க 1955இல் ஒரு குழு வைத்தார்கள். சிப்பாய் என்றால் சீருடை போட்ட குடிமகன் என்ற கருத்தை, புதிய ராணுவத்தைத் திட்டமிட்டவர்களில் ஒருவரான வோல்ஃப் ஃபான் பாவ்டிசின் பிடிவாதமாக வலியுறுத்தினார். சிப்பாய்களின் புகாரைக் கேட்க நாடாளுமன்றமே தனியாக ஓர் அதிகாரியை வைக்க வழி செய்தது.

1956 அக்டோபரில் புதுப் பாதுகாப்பு அமைச்சர் பதவியேற்றார். துப்பாக்கி தொடும் கை விழட்டும் என்ற அதே ஸ்ட்ராவுஸ். கார்ட்டூன் பேனாக்களுக்கு அடுத்த சில ஆண்டுகளுக்குத் தீனிக்குப் பஞ்சமே இல்லை.

கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் 1956 ஜூலையில் நிறைவேறியிருந்தது. அதன்படி முதல் ஆட்கள் முகாமுக்குள் நுழைந்தது 1957 ஏப்ரல் 1 அன்று. ஏறத்தாழ பத்தாயிரம் பேர், கையில் ஆளுக்கொரு பெட்டி. எல்லாரும் 1937 ஜூலைக்கும் செப்டம்பருக்கும் இடையில் பிறந்தவர்கள். ஜெர்மானியர்கள் அவர்களைச் சொன்ன பெயர், "1937 வகுப்பு".